முப்பத்தைந்து வெள்ளிப் படிக்கட்டு

தைப்பிங்
14 ஜூலை 2025

அன்புத் தம்பி சுரேனுக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே தினமும் மழை. துணி காயவில்லை என்பதைத் தவிர எங்களுக்கு வேறு குறை இல்லை. கவிநயாவுக்கு முன்பல் விழுந்து பொக்கைவாயோடு திரிகிறாள். உன் முதுகுவலி தேவலையா? கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும்போது வருகிற வலி, உறுமியைத் தோளில் மாட்டியதும் எங்கே ஓடிப்போகிறது என்று உன் மச்சான் கேட்கிறார்.

இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். காரணமே நீதான்டா. போன வாரம் மச்சானின் போன் பழுதாகி, என் போனை எடுத்துக்கொண்டு போனார். இவர் காடியை ஓட்ட, பின்சீட்டில் அவருடைய முதலாளி, நீ தவ்கே என்கிறவர், டத்தோ குமரப்பன். பாட்டுப் போடலாம் என்று இவர் எதையோ தட்ட, ஸ்பீக்கர் முழுக்க நீ எனக்கு அனுப்பிய வாய்ஸ் மெசேஜ்: "அக்கா, மச்சானோட தவ்கேக்கு மூளைன்னு ஒன்னு இருக்கா இல்லயா லா?" டத்தோ, "யாருங்க அது?" என்றாராம். "தெரியலைங்க டத்தோ, ராங் நம்பர்" என்று இவர் சமாளித்திருக்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னார். பிறகு இருவரும் சிரித்தோம். ஆனாலும் இன்னொரு தடவை இப்படி ஆகக்கூடாது. ஆகையால் போனில் ஒன்றும் அனுப்பாதே. ஆபீஸ் ஆட்கள் வந்துபோகிற வீட்டுக்கும் வேண்டாம், நான் வேலை பார்க்கிற பள்ளிக்கூட முகவரிக்கு எழுது.

விலை விஷயத்தை இந்தக் கடிதம் வருவதற்குள் பேப்பரில் பார்த்திருப்பாய். ஸ்டேடியத்தில் நீங்கள் நிற்கிற கூரையில்லாத படிக்கட்டுக்குப் பதினைந்து வெள்ளியாக இருந்தது இனி முப்பத்தைந்து. விலையை வைத்தவர் டத்தோ. கிளப்பை வாங்கியவர் அவர், அவர் சொல்வதுதான் விலை. அறிவிப்பின் அடியில் இருக்கிற கையெழுத்து மட்டும் லெம்பா கிந்தா கால்பந்துக் கிளப்பின் டிக்கெட் மேனேஜருடையது, அதாவது என் வீட்டுக்காரருடையது.

நீ கோபப்படுவாய். படு. ஆனால் அவர் முகத்துக்கு நேராக நின்று கலாட்டா பண்ணாதே. அப்பா அம்மா இல்லாத நமக்கு இந்த ஒரு வீடுதான் வீடு.

பசியாறாமல் வேலைக்குப் போகாதே.

உன் அக்கா
தினேஸ்வரி


ஈப்போ
18 ஆகஸ்ட் 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நீ, மச்சான், பொக்கைவாய் மருமகள் மூவரும் நன்றாக இருக்க வேண்டும். என் முதுகு அப்படியேதான் இருக்கிறது. பதில் எழுத ஒரு மாதம் ஆகிவிட்டது. பேப்பரில் மச்சானின் கையெழுத்தைப் பார்த்த கோபம் இறங்கட்டும் என்று காத்திருந்தேன். இறங்குகிற வழியாகத் தெரியவில்லை, எழுதுகிறேன்.

படிக்கட்டில் யார் நிற்கிறார்கள் என்று டத்தோவுக்குத் தெரியுமா? அங்கே நாற்காலிகூடக் கிடையாது, வெறும் சிமெண்டுப் படி. மழை வந்தால் நனைவோம். ரொட்டிக் கடையில் மாவு பிசைகிற கார்த்திகேசு அண்ணன் தன் பிள்ளைகள் எல்லோரையும் கூட்டிவருவார். இந்த வருசம் எந்தப் பிள்ளையை வீட்டில் விடுவது என்று யோசிக்கிறார்.

முதல் ஆட்டத்துக்கு நாங்கள் யாரும் உள்ளே போகவில்லை. வாசலுக்கு வெளியே நின்றோம். மலாய்ப் பையன்களின் தலைவன் ரஸ்லான் மெகாபோனில் "துருன் ஹர்கா!" என்று தொடங்க, விலையைக் குறை என்று ஆயிரம் பேர் திருப்பிக் கத்த, சுங்காய்த் தோட்டத்து நம் பையன்கள் ஆறு பேரும் உறுமி அடித்தோம். காலிப் படிக்கட்டை டிவியில் காட்டினார்களாமே, பார்த்தாயா?

அதற்கு டத்தோ நிருபர்களிடம் என்ன சொன்னார் தெரியுமா? "கிளப் என் சொத்து. முடியாதவங்க வீட்டுல உக்காந்து டிவி பாக்கட்டும்." சொத்தா அக்கா? கட்டடம் வாங்கலாம், தோட்டம் வாங்கலாம். கத்துகிற எங்கள் தொண்டையையும் சேர்த்தா வாங்கினார்?

முப்பதாம் தேதி ஆட்டத்துக்கு உள்ளே போகப்போகிறோம். ஒரே ஒரு தடவை, காசு கொடுத்து, எல்லோரும் கறுப்புச் சட்டையில். டத்தோ வந்து உட்கார்ந்ததும் சாவு மேளம். பாடை தூக்கும்போது நம் சனங்கள் அடிக்கிற அதே அடி. கிளப்பைக் கொன்றுவிட்டீர்கள், நாங்கள் தூக்கிப் போடுகிறோம் என்று அர்த்தம். ரஸ்லானுக்கும் எங்கள் சீன நண்பன் ஆ ஹெங்குக்கும் அது என்ன அடி என்று தெரியாது. "சியோக் லா, ஆட்டம் போடலாம் போல இருக்கு" என்கிறார்கள். டத்தோவுக்குத் தெரியும். அவருக்குத் தெரிந்தால் போதும்.

மச்சானை அன்றைக்கு லீவு எடுக்கச் சொல்.

பாசத்துடன்
சுரேன்


தைப்பிங்
26 ஆகஸ்ட் 2025

தம்பி,

சுகமா என்று கேட்கக்கூட இன்று நிதானம் இல்லை. இருந்தாலும் கேட்கிறேன், சுகம்தானே? உன் கடிதம் இன்றுதான் பள்ளிக்கு வந்தது.

சாவு மேளம் வேண்டாம். வேறு எந்த அடியை வேண்டுமானாலும் அடி, அது மட்டும் வேண்டாம். டத்தோவின் அம்மா ராமலட்சுமி ஆச்சி ஈப்போவில் ஆஸ்பத்திரியில் கிடக்கிறார். மூச்சு மிஷினில் ஓடுகிறது. வெளியே ஒருவருக்கும் சொல்லவில்லை. தினமும் டத்தோவை அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு உன் மச்சான்தான் கீழே காத்திருக்கிறார். பெற்றவள் அப்படிக் கிடக்கிறபோது ஒரு மகன் காதில் அந்த அடி விழக்கூடாது சுரேன். நாமும் அம்மாவை அப்படிக் கிடக்கப் பார்த்தவர்கள்தானே.

ஆஸ்பத்திரியிலிருந்து எந்நேரமும் அழைப்பு வருகிறது என்று என் போனையும் மச்சானே வைத்திருக்கிறார். பள்ளி ஆபீஸ் போனிலிருந்து உன்னைக் கூப்பிட்டேன். மணி அடித்து அடித்து நின்றுவிட்டது. தெரியாத நம்பர் என்று விட்டுவிட்டாய் போலிருக்கிறது. இதை இப்போதே போய்த் தபாலில் போடுகிறேன்.

தினேஸ்வரி


ஈப்போ
3 செப்டம்பர் 2025

அக்கா,

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. சனிக்கிழமை ஆட்டம், ஞாயிறும் திங்களும் தேசிய தின விடுமுறை. செவ்வாய்க்கிழமை தபால்காரர் கொடுத்துவிட்டுப் போனதும் நின்றபடியே படித்தேன். தெரியாத நம்பரை எடுத்தால் எவனாவது பேங்க் ஆபீசர் என்று சொல்லி ஏமாற்றுகிறான். அதனால்தான் எடுக்கவில்லை. நம்பு அக்கா.

டத்தோ வந்து உட்கார்ந்தார். ஆறு பேரும் அடித்தோம். எங்களைச் சுற்றி ரஸ்லானின் பையன்கள் கைதட்டி ஆடினார்கள். ஆ ஹெங் விசில் அடித்தான். படிக்கட்டில் இருந்த தமிழர்கள் மட்டும் ஆடவில்லை, செருப்பைக்கூடச் சிலர் கழற்றிவிட்டார்கள். நாங்கள் எதிர்பார்த்ததைவிட நன்றாக அமைந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை. டத்தோ எழுந்தார். கம்பியைப் பிடித்துக்கொண்டு எங்கள் பக்கமே பார்த்தார். முறைப்பார், கையை நீட்டுவார் என்று நினைத்தேன். ஒன்றும் செய்யவில்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே போய்விட்டார். பின்னால் மச்சான் ஓடுவது தெரிந்தது.

என்ன ஆயிற்று என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. நேற்று விளங்கியது.

கூட்டத்தில் என் போன் படியில் விழுந்து நொறுங்கிவிட்டது. சம்பளம் வந்துதான் வாங்கவேண்டும். ஆச்சிக்கு எப்படி இருக்கிறது? உடனே எழுது.

சுரேன்


தைப்பிங்
15 செப்டம்பர் 2025

அன்புத் தம்பிக்கு,

சாப்பிடுகிறாயா, தூங்குகிறாயா? இங்கே இரண்டும் சரியாக இல்லை, கவிநயாவைத் தவிர.

நீ கடிதம் எழுதுவதற்கு முதல் நாளே ஆச்சி போய்விட்டார். காரியம் எல்லாம் முடிந்தது. அதனால்தான் எழுதத் தாமதம், உன் மச்சான் அங்கேயே இருந்தார். டாக்டர்கள் முன்பே கைவிட்டதுதான், உன் மேளத்தால் அவர் சாகவில்லை. அதை நீ மனதில் போட்டுக் குழப்பிக்கொள்ளாதே. ஆனால் டத்தோவுக்கு அதை யார் சொல்வது?

"உசுரோட இருந்த எங்க ஆத்தாளுக்கு மோளம் அடிச்சவன் யாருன்னு எனக்குத் தெரியணும்" என்று உட்கார்ந்திருக்கிறார். ஆஸ்பத்திரி விஷயம் உள்ளேயிருந்து கசிந்திருக்கிறது என்று சந்தேகப்படுகிறார். போலீசில் புகார் கொடுத்தாயிற்று. கேமராவில் விழுந்த உன் முகத்தைப் பெரிதாக்கி ஆபீஸ் மேசையில் வைத்திருக்கிறார்கள். டிக்கெட் விற்றவர் நீங்கள்தானே, இந்த மாத முடிவுக்குள் பெயரைக் கண்டுபிடியுங்கள் என்று உன் மச்சானிடம் சொல்லியிருக்கிறார்.

வீட்டில் அவர் அதைச் சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டார். உன் பெயரை எடுக்கவில்லை. என்ன செய்யப்போகிறீர்கள் என்று நானும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்று பயம். ஒரு பக்கம் வேலை, வீட்டுக் கடன், பிள்ளை. மறு பக்கம் நீ. அவர் எந்தப் பக்கம் பேசினாலும் நான் அழவேண்டும்.

நீ தாடியை எடுத்துவிடு. ஸ்டேடியம் பக்கம் போகாதே.

அக்கா


ஈப்போ
22 செப்டம்பர் 2025

அன்புள்ள அக்கா,

கவிநயாவை முத்தமிட்டதாகச் சொல். நான் சாப்பிடுகிறேன், தூங்குவதுதான் கொஞ்சம் கஷ்டம்.

உன் கடிதம் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டு நாள் யோசித்தேன். தாடியை எடுக்கவில்லை. மச்சான் என்னைக் காட்டிக்கொடுத்தால் ஆயுளுக்கும் அது அவர் மனதை அரிக்கும், உனக்கும்தான். காட்டிக்கொடுக்காவிட்டால் வேலைக்கு ஆபத்து. இந்தச் சிக்கலை இழுத்தவன் நான், நானே அவிழ்க்கிறேன். வியாழக்கிழமை கிடங்கில் லீவு போட்டிருக்கிறேன். டத்தோவின் ஆபீசுக்கே போய், அடித்தது நான்தான், ஆச்சிக்காக அடிக்கவில்லை, ஆச்சி விஷயமே எனக்குத் தெரியாது என்று நேரில் சொல்லிவிடுகிறேன். பெயரைக் கண்டுபிடிக்கிற வேலை மச்சானுக்கு இராது. பிறகு போலீசோ எதுவோ, நான் பார்த்துக்கொள்கிறேன்.

ரஸ்லானின் போனில் உன்னிடம் பேசியிருக்கலாம். பேசினால் நீ அழுவாய், நான் போகமாட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

சுரேன்


தைப்பிங்
23 செப்டம்பர் 2025

என் ராசா சுரேனுக்கு,

முதலில் ஒரு டம்ளர் தண்ணீர் குடி. குடித்தாயா? இப்போது கேள்.

நேற்று டத்தோ ஆபீசில் எல்லோர் முன்னாலும் படத்தை நீட்டி உன் மச்சானைக் கேட்டாராம். "இவன் யாருன்னு எனக்குத் தெரியாதுங்க டத்தோ" என்று சொல்லிவிட்டார்! வீட்டுக்கு வந்து சட்டைப் பொத்தானைக் கழற்றிக்கொண்டே, கத்தரிக்காய் விலை சொல்கிற குரலில் சொன்னார். ஒரு கடையில் பாக்கிச் சில்லறை கூடுதலாக வந்தால் திரும்பிப் போய்க் கொடுக்கிற மனுஷர்டா அவர். உனக்காகப் பொய் சொல்லியிருக்கிறார். டத்தோவும், "சரி, விடுங்க. போலீஸ் பாத்துக்கட்டும்" என்று படத்தை மடித்து வைத்துவிட்டாராம்.

நீ செய்யவேண்டியது ஒன்றுமே இல்லை. சும்மா இரு, அது போதும். தீபாவளிக்கு இங்கே வந்துவிடு. முறுக்கு சுடுகிறேன், மச்சான் ஆட்டிறைச்சிக்கு இப்போதே சொல்லிவைக்கிறேன் என்கிறார். அவர் வாயால் "உன் தம்பி வருவான்ல?" என்று கேட்டார்.

இதைப் போனில் சொல்ல ஆசையாக இருந்தது. உன் போன்தான் படிக்கட்டில் செத்துக் கிடக்கிறதே.

நிம்மதியாகத் தூங்கு.

அக்கா


ஈப்போ
26 செப்டம்பர் 2025

அக்கா,

உன் கடிதம் இன்று வந்தது. நான் நேற்றே போய்விட்டேன்.

வாசலில் காவலுக்கு இருந்த ஜாகா என்னை மேலே விட்டார். டத்தோ தலையை மொட்டை அடித்திருந்தார், முதலில் அடையாளமே தெரியவில்லை. மேசையில் ஆச்சியின் படம், மாலையோடு. சொல்ல வந்ததை நின்றுகொண்டே சொன்னேன். "டத்தோ, உறுமி அடிச்சது நான்தான். ஆச்சிக்கு அடிக்கல. சத்தியமா தெரியாது. கிளப்புக்குத்தான் அடிச்சோம்." அவர் கோபப்படவில்லை அக்கா. உட்காரச் சொன்னார். காப்பி கொண்டுவரச் சொன்னார். அதுதான் என்னைக் கெடுத்தது.

பெயர் கேட்டார், சொன்னேன். "யார் வீட்டுப் பையன் நீ?" என்றார்.

நம் ஆட்கள் யாரைப் பார்த்தாலும் கேட்கிறதுதானே. கல்யாண வீட்டில், கோவிலில், எங்கேயும் கேட்பார்கள், நாமும் யோசிக்காமல் சொல்வோம். சுங்காய்த் தோட்டத்து அப்பாவு மகன் என்று சொல்லியிருக்கலாம். அதுதானே உண்மை. ஆனால் அப்பா பெயர் அவருக்கு எங்கே தெரியப்போகிறது என்று நினைத்து, அவருக்குத் தெரிந்த பெயரைச் சொன்னேன். கொஞ்சம் பெருமையாகவே சொன்னேன். "நம்ம டிக்கெட் மேனேஜர் சிவபிரகாசத்தோட மச்சினன், டத்தோ."

அப்போதுதான் கதவுப் பக்கம் மச்சான் நின்றதைப் பார்த்தேன். டத்தோ அவரைத் திரும்பிப் பார்த்து, "சிவா, திங்கக்கிழமை என்கிட்ட என்ன சொன்னீங்க?" என்றார்.

மச்சான் உள்ளே வந்தார். "நீ வீட்டுக்குப் போ தம்பி" என்று என்னிடம் மட்டும் சொன்னார். வந்துவிட்டேன். டத்தோ ஏன் அப்படிக் கேட்டார் என்று இன்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் தெரிந்தது.

அங்கே என்ன நடந்தது? எழுது அக்கா. திட்டியாவது எழுது.

சுரேன்


தைப்பிங்
10 அக்டோபர் 2025

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் சுகமாக இருக்க வேண்டுகிறேன்.

டத்தோ போலீஸ் புகாரை மீட்டுக்கொண்டார். உனக்கு இனித் தொந்தரவு இல்லை.

மச்சான் சுகம். கவிநயாவைப் பள்ளிக்கு அவர்தான் கூட்டிப்போய்க் கூட்டிவருகிறார். அவளுக்கு அதில் பெரிய சந்தோஷம். வீட்டுக் குழாய்களையெல்லாம் சரிசெய்துவிட்டார்.

தீபாவளிக்கு வேலை இருந்தால் பார், கட்டாயம் இல்லை. பள்ளிக்கூட முகவரிக்கு எழுத வேண்டாம், இனி வீட்டுக்கே எழுதலாம்.

மழைக்காலம், தலையைத் துவட்டு.

தினேஸ்வரி


ஈப்போ
24 அக்டோபர் 2025

அக்கா,

தீபாவளி நன்றாக நடந்ததா? கவிநயாவுக்கு அனுப்பிய சட்டை அளவு சரியாக இருந்ததா? நான் அன்று வேலைக்குப் போனேன். வரவேண்டாம் என்று நீ எழுதவில்லை, வா என்றும் எழுதவில்லை.

வீட்டுக்கே எழுதலாம் என்றாய். ஏன் என்று எழுதவில்லை. குழாய்களைச் சரிசெய்துவிட்டார் என்றாய். எனக்குப் புரியாதா அக்கா? போன வாரம் கார்த்திகேசு அண்ணன் டிக்கெட் கவுண்டருக்குப் போனார். அங்கே புதிதாக ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறான். சிவபிரகாசம் சார் எங்கே என்று கேட்டதற்கு, "அவர் இப்ப இல்லைங்க" என்றானாம்.

நான் உறுமியைத் தொட்டு ஒரு மாதம் ஆகிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் பையன்கள் வாசலில் நிற்கிறார்கள், நானும் போய் நிற்கிறேன், கை மட்டும் வரவில்லை. அடுத்த மாதம் எட்டாம் தேதி ஆட்டத்துக்கும் நிற்பார்கள். விலை இன்னும் இறங்கவில்லை. விலையைக் குறைக்கப் போய் உன் வீட்டு அடுப்பில் தண்ணீரை ஊற்றிவிட்டேன்.

மச்சானிடம் ஒன்று கேள். என்னைத் திட்டச் சொல். நேரில் வேண்டாம் என்றால் உன் கையாலாவது நாலு வார்த்தை எழுதச் சொல். அவர் ஒன்றும் சொல்லாமல் இருக்கிறதுதான் என்னால் தாங்கமுடியவில்லை.

சுரேன்


தைப்பிங்
10 நவம்பர் 2025

அன்புத் தம்பி சுரேனுக்கு,

சட்டை சரியாக இருக்கிறது, கழற்றமாட்டேன் என்கிறாள். நீ நன்றாக இருக்கிறாய் என்று எழுதாதே, நீ இல்லை என்று எனக்குத் தெரியும்.

உன் கடிதத்தை மேசையில் வைத்தேன். அவர் படித்தார், மடித்து வைத்தார், கவிநயாவைக் குளிப்பாட்டப் போய்விட்டார். ஆமாம், வேலை போய்விட்டது. உன்னிடம் மறைத்தேன். டத்தோ கத்தவில்லையாம். "என்கிட்ட உண்மையச் சொல்லியிருந்தா நான் என்ன செஞ்சிடுவேன் சிவா?" என்று மட்டும் கேட்டாராம். இவரே பையை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார். எனக்கு உன்மேல் கோபம் இருந்தது. நிறையவே இருந்தது. அதனால்தான் அந்தக் கடிதம் அப்படி வறண்டுபோய் இருந்தது.

முந்தாநாள் சனிக்கிழமை மத்தியானம், பத்து காஜா ஊரில் ஒரு வேலை விஷயமாக ஒருத்தரைப் பார்க்கவேண்டும் என்று ஆபீஸ் சட்டையைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். திரும்பி வரும்போது தலையிலிருந்து கால்வரை நனைந்திருந்தார். வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. தொண்டை சுத்தமாகக் கட்டிப்போய்விட்டது. எனக்குப் பயமாகிவிட்டது.

"என்னங்க ஆச்சு? யார்கூட சண்ட?"

"யார்கூடவும் இல்ல. கத்துனேன்."

"எங்க?"

"ஸ்டேடியம் வாசல்ல. பின்னால நின்னேன், யாருக்கும் தெரியாது."

நான் துண்டைக் கொடுத்தேன். கையெழுத்துப் போட்ட மனுஷர் அங்கே போய் எதற்குக் கத்தவேண்டும் என்று கேட்டேன். தலையைத் துவட்டிக்கொண்டே சொன்னார்: "முப்பத்தஞ்சு வெள்ளி ரொம்ப அதிகம் லா, தினேஸ்."

சுடுதண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டு டம்ளரை வைத்தார். அப்புறம் அந்தக் கரகரத்த குரலில், நீ கேட்ட திட்டைத் திட்டினார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்:

"ஒன் தம்பியப் பாத்தேன். மடையன், கையக் கட்டிக்கிட்டு சும்மா நிக்கிறான். மேளம் இல்லாம எவ்வளவு நேரம் கத்துறது? அடுத்த ஆட்டத்துக்கு அவன அடிக்கச் சொல்லு."

சொல்லிவிட்டேன். பசியாறிவிட்டுப் போய் அடி.

அக்கா
தினேஸ்வரி